தூதருக்குள் ஓர் ஆசிரியர்

சில மாதங்களுக்கு முன் தென்காசிப் பகுதியில் நடந்த தனிநாயகம் அடிகளார் நினைவுக் கூட்டமொன்றில் பேச அழைக்கப்பட்டிருந்தோம். நமக்கு முன் பேசியவர்கள் அடிகளார் சென்ற நாடுகளையும் கற்ற மொழிகளையும் எண்ணி எண்ணிச் சொன்னார்கள். நாமும் நம் பங்குக்கு இரண்டு பட்டங்களைச் சேர்த்துவிட்டு அமர்ந்தோம். கைதட்டலுக்குக் குறைவில்லை. கூட்டம் கலைந்தபின், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அருகில் வந்து, “சாமி, அவர் எழுதினதிலே எதை முதல்ல படிக்கணும்?” என்று கேட்டார். “யோசித்துச் சொல்கிறேன், அம்மா” என்றோம். உண்மையில் சொல்லத் தெரியவில்லை. குருமட நாள்களில் ‘ஒன்றே உலகம்’ படித்ததோடு நின்றுவிட்டவர்கள் நாம். படிக்காதவரைப் புகழ்ந்துவிட்டு வந்திருக்கிறோமே என்ற வெட்கம் அன்றிரவு உறங்கவிடவில்லை. குற்றாலத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்த ஆடி மாதம் முழுவதும் அடிகளாரின் நூல்களோடு அமர்ந்தோம்.

படித்தபின் ஒன்று தெளிவாயிற்று. ‘தமிழ்த் தூதர்’ என்ற பெயருக்குள் நாம் ஓர் ஆசிரியரைப் புதைத்துவிட்டோம்.

யாழ்ப்பாணத்துத் தீவகத்தில், ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொனில், 1913-இல் பிறந்தவர் அடிகளார். கொழும்புக் குருமடத்தில் பயின்று, உரோமைக்குச் சென்று, 1938-இல் அங்கேயே குருவானார். அவருடைய இறையியல் ஆய்வு புனித சிப்பிரியான் காலத்துக் கார்த்தேஜ் குருக்களைப் பற்றியது. ஆயர் திபூர்சியுஸ் ரோச் ஆண்டகையின் தூத்துக்குடி மறைமாவட்டத்திற்கு வந்து சேர்ந்தவர், 1940 முதல் 1945 வரை வடக்கன்குளம் புனித தெரேசா உயர்நிலைப் பள்ளியில் துணைத் தலைமையாசிரியராக இருந்தார். இலத்தீனும் இத்தாலியமும் கைவந்த அவருக்கு, தம் தாய்மொழியின் இலக்கியம் அப்போது எட்டாத தொலைவில் இருந்தது. பள்ளியின் இரண்டாம் நாற்காலியில் இருந்தவர், பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் மாணவராக அமர்ந்து பாடம் கேட்டார்.

இந்த இடத்தைப் பேச்சாளர்கள் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். நமக்கோ இங்கேதான் நிற்கவேண்டும் என்று தோன்றுகிறது. ‘குரு’ என்றால் ஆசிரியர் என்பது பழம்பொருள். நாம் அச்சொல்லை எடுத்துப் பலிபீடத்திற்கு உரியதாக்கிக்கொண்டோம். அடிகளாரோ குருவான பின்பு ஆசிரியரானவர். ஆசிரியரான பின்பு மாணவரானவர். அதுவும் எந்த ஊரில்? தேவசகாயம் பிள்ளை 1745-இல் திருமுழுக்குப் பெற்ற ஊர்; கோயிலுக்குள்ளேயே சாதியின் பெயரால் மக்களைப் பிரித்து நின்ற சுவர் 1910-இல் இடிக்கப்பட்ட ஊர். அந்தச் சுவரின் நினைவு அகலாத ஊரில், உரோமையில் முனைவர் பட்டம் பெற்ற ஒரு கத்தோலிக்கக் குரு, இந்துப் பண்டிதர் ஒருவர்முன் ஏட்டை விரித்து அமர்ந்தார். அவருடைய உலகப் பயணங்கள் அனைத்தையும்விட இது நீண்ட பயணம் என்போம்.

அங்கிருந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சென்றார். அங்குச் செய்த ஆய்வே பின்னர் விரிந்து, 1966-இல் ‘லேண்ட்ஸ்கேப் அண்ட் போயட்ரி’ என்னும் ஆங்கில நூலாயிற்று. சங்கப் பாடல்களில் இயற்கை பெறும் இடத்தை ஆராயும் நூல் அது. நிலமும் பொழுதும் முதற்பொருள், அந்நிலத்தில் வாழ்வன கருப்பொருள், மனிதரின் உணர்வு உரிப்பொருள் என்ற பழைய இலக்கணம், பலருக்குத் தேர்வுக்கு மனப்பாடம் செய்த பட்டியலாகவே நினைவில் தங்கியிருக்கும். அடிகளார் அதைக் கிரேக்க, இலத்தீன் கவிஞர்களின் அருகில் வைத்துப் பார்க்கிறார். வைத்தவுடன் பட்டியல் உயிர்பெறுகிறது. தமிழ்ப் புலவன் மலையை மலைக்காகப் பாடுவதில்லை. மலையைச் சொல்லி மனத்தைச் சொல்கிறான் என்பது விளங்குகிறது. குறிஞ்சிக்குரிய நீர் அருவியும் சுனையும். அதை நாம் ஐந்தருவி இரைச்சல் காதில் விழும் தொலைவில் படித்தோம் என்பதற்காகப் பரிந்து பேசுவதாக வாசகர் எண்ணவேண்டாம். ஒரு நல்ல வகுப்பில் இருந்த நிறைவை அந்நூல் எங்கும் தரும்.

எனினும் ஒரு குறை உண்டு; சொல்லாமல் விடுவது புகழ்ச்சியாகுமே தவிர மரியாதையாகாது. அடிகளார் ஒப்பிடுகிறார், வகுக்கிறார், விளக்குகிறார். ஒரு பாட்டின்முன் சும்மா இருப்பது அரிது. அவர் வடக்கன்குளத்தில் பாடம் கேட்டுக்கொண்டிருந்த ஆண்டுகளில் இங்கே குற்றாலத்தில் இரசிகமணி டி.கே.சி. ஒரே பாட்டை மாலை முழுவதும் சொல்லிச் சொல்லி நண்பர்களை உருகவைத்துக்கொண்டிருந்தார். அச்சுவை இவரிடம் இல்லை. இன்னொன்று: அவருடைய ஆய்வு பழஞ்செய்யுளோடு நின்றுவிடுவதால், திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சியில் குறிஞ்சி எப்படிச் சிரித்து ஆடுகிறது என்பதை அவர் வாயால் கேட்கும் வாய்ப்பு நமக்கு இல்லாமற்போயிற்று. ஆனால் டி.கே.சி.யின் முறையில் அயல்நாட்டவருக்குச் சங்கப் பாடலைக் கொண்டுசேர்த்திருக்க முடியாது. அதற்கு ஆசிரியரின் முறையே வேண்டும்.

‘தமிழ்த் தூது’ தமிழிலேயே எழுதப்பட்டது, நடை தெளிவானது. தமிழின் பெருமையைக் கூறும் இடங்களில் மட்டும் குரல் சற்று உயர்ந்துவிடுகிறது. அக்காலத்தின் சூடு என்று விட்டுவிடலாம்; அந்த உரத்த வரிகளையே நம் மேடைகள் பொறுக்கியெடுத்துக்கொண்டன என்பதுதான் வருத்தம்.

1952-இல் அவர் தொடங்கிய ‘தமிழ்க் கல்ச்சர்’ ஆங்கில முத்திங்களிதழ், 1964-இல் தில்லியில் பிறந்த உலகத் தமிழாராய்ச்சி மன்றம், 1966-இல் கோலாலம்பூரில் கூடிய முதல் மாநாடு இவற்றையெல்லாம் வாசகர் அறிவர். அதே 1966-இல் அவர் செய்த வேறொரு பணியை எத்தனை பேர் அறிவர்? 1679-இல் அச்சான, அந்தாம் தெ புரோயென்சா என்ற சேசு சபைக் குருவின் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதியை மறுபதிப்பாக வெளியிட்டார். தமக்கு முந்நூறு ஆண்டு முன் தமிழ் கற்கத் திணறிய ஒரு குருவின் உழைப்பைத் தூசி தட்டி எடுத்துக் கொடுத்த செயல் அது. வடக்கன்குளத்து மாணவருக்கு அத்திணறலின் அருமை தெரிந்திருக்கும்.

இலங்கைப் பல்கலைக்கழகத்தில் அவர் விரிவுரையாற்றியது கல்வித் துறையில். அஃதாவது, ஆசிரியர்களுக்கு ஆசிரியராக. 1961 முதல் மலாயாப் பல்கலைக்கழகம். 1980 செப்டம்பர் முதல் நாள் மறைந்தார். நம் மறைமாவட்டங்களில் அவர் பெயரால் நடக்கும் விழாக்களில் அவர் நூலின் ஒரு பக்கத்தையேனும் உரக்கப் படிக்கச் செய்தால் என்ன? பேச்சுப் போட்டிக்கு ஆகும் நேரத்தில் பாதி போதும்.

அந்த ஆசிரியை அம்மாவுக்கு ‘தமிழ்த் தூது’ நூலைக் கொடுத்தோம். மூன்று வாரம் கழித்துத் திருப்பித் தந்தார். ஓரங்களில் பென்சிலால் குறித்திருந்தார். பாதிக்கு மேல் கேள்விக்குறிகள். அவற்றில் நான்கிற்கு இன்னும் நாம் விடை தேடிக்கொண்டிருக்கிறோம்.