மதகைத் திறந்தவர் யார்? ‘தமிழரும் தொழில்நுட்பமும்’ பாடத்திட்டம்: ஒரு திறனாய்வு

திறவுச்சொற்கள்: தொழில்நுட்பமும் சமூகமும், பொறியியற்கல்வி, ஏரிப்பாசனம், உத்திரமேரூர், படப்பை

முன்னுரை

அண்ணா பல்கலைக்கழகம் 2021ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின்கீழ்ப் பொறியியல் மாணவர்க்குத் ‘தமிழர் மரபு’, ‘தமிழரும் தொழில்நுட்பமும்’ என்னும் இரு தாள்களை முதலாண்டில் வைத்துள்ளது. இரண்டாவது தாள் நெசவும் பானைத்தொழிலும், கட்டடக்கலை, உற்பத்தி, வேளாண்மையும் நீர்ப்பாசனமும், அறிவியல் தமிழும் கணித்தமிழும் என 5 அலகுகள் கொண்டது. அலகுக்கு 3 பாடவேளை வீதம் மொத்தம் 15 பாடவேளைகள். தொழில்நுட்பமும் சமூகமும் ஒன்றையொன்று உருவாக்கும் முறையைத் தமிழில் வினவுவதற்குப் பொறியியல் மாணவர்க்கு வாய்த்த அரிய இடம் இத்தாள். அவ்வாய்ப்பு எவ்வளவு பயன்பட்டுள்ளது என்பதை நான்காம் அலகைக் கொண்டு இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

பட்டியலும் வினாவும்

குயவரின் சக்கரத்தையும் கொல்லரின் உலைக்களத்தையும் பொறியியல் வகுப்பறைக்குள் கொணர்ந்தது இத்தாளின் சிறப்பு. கைவினையறிவும் அறிவே என்பதைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டதற்கு அது சான்று. ஆனால் நான்காம் அலகு அணை, ஏரி, மதகு, குமிழித்தூம்பு, கால்நடைக் கிணறு, முத்துக்குளித்தல், கடலறிவு எனப் பொருள்களை அடுக்கிச் செல்கிறது. 3 பாடவேளையில் இவையனைத்தையும் கடக்கும் ஆசிரியர் பெயர்களைச் சொல்லலாம். உறவுகளை விளக்க இயலாது. தொழில்நுட்பம் சாதனையாக மட்டும் எஞ்சுகிறது.

குமிழித்தூம்பையே எடுத்துக்கொள்ளலாம். அது கரைக்கு உட்புறம், ஏரிநீருக்குள் நிற்கும் கல்லமைப்பு. அதைத் திறக்க ஒருவர் நீரில் இறங்கியாக வேண்டும். இறங்கியவர் யார், திறக்குமாறு பணித்தவர் யார், பாய்ந்த நீர் யார் வயலை முதலில் அடைந்தது என்னும் வினாக்கள் தூம்பின் வடிவமைப்போடு பிணைந்தவை. பொருள்களுக்கும் அரசியல் உண்டா என லாங்டன் வின்னர் 1980இல் எழுப்பிய வினாவின் தமிழ் வடிவம் இதுவே.

கல்வெட்டு தரும் விடை

இதற்கான சான்றுகள் தமிழ் மரபிலேயே உள்ளன. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரி வாரியத்திற்கு உறுப்பினரைக் குடவோலையால் தெரிந்தெடுக்கும் முறையைக் கூறுகின்றன. இறை செலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேல், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி ஆகியவை அவற்றில் காணப்படும் தகுதிகளுள் சில. நிலமற்ற உழுகுடி அந்த ஏரியில் மண் சுமந்திருக்கலாம்; வாரியத்தில் அமர்ந்திருக்க இயலாது. அரசர், சாதி, அதிகாரம் ஆகியவற்றிலிருந்து ஏரிப்பாசனத்தைப் பிரித்துக் காண இயலாது என்பதைத் தென்தமிழகத்தை முன்வைத்து டேவிட் மோஸ் 2003இல் வெளியிட்ட நூலில் நிறுவியுள்ளார். குடிமராமத்தை ஊரார் மனமுவந்து செய்த பணியாக மட்டுமே போற்றுவோர், 1858ஆம் ஆண்டுச் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டத்தையும் உடன்வைத்துப் பார்த்தல் வேண்டும்.

படப்பை: அருகிலுள்ள பாடநூல்

உத்திரமேரூர் அமைந்த அதே காஞ்சிபுரம் மாவட்டத்தில் படப்பையும் உள்ளது. தாம்பரத்திலிருந்து படப்பை வழியாக ஒரகடம் செல்லும் வட்டாரத்தில் பொறியியல் கல்லூரிகளும் ஏரிகளும் அடுத்தடுத்து உள்ளன. படப்பை, மணிமங்கலம், ஆதனூர் ஏரிகள் அடையாற்றின் நீர்ப்பிடிப்பைச் சேர்ந்தவை. ஆயக்கட்டு வயல் வீட்டுமனையாகும்போது மதகு தன் பயனாளியை இழக்கிறது. கலங்கலோ அனைவர் கவலையும் ஆகிறது. உழவருக்கு நீர் தந்த அமைப்பு, மனைவாசிக்கு வெள்ள அச்சமாக மாறுகிறது. 2015 திசம்பரில் முடிச்சூரும் வரதராசபுரமும் நீரில் மூழ்கியபோது இம்மாற்றம் கண்கூடாயிற்று. கல்லும் கரையும் பழையனவே. அவற்றைச் சூழ்ந்த சமூகம் புதிது. ஏரியின் பொருளே மாறியதற்கு இதுவே காரணம்.

15 பாடவேளையில் இவ்வளவும் இயலுமா என்னும் மறுப்பு எழலாம். கூடுதல் பாடவேளை தேவையில்லை. நான்காம் அலகின் 3 பாடவேளைகளுள் ஒன்றைக் கல்லூரிக்கு அருகிலுள்ள ஓர் ஏரிக்கு ஒதுக்கினால் போதும். கிராம வரைபடத்தில் பழைய ஆயக்கட்டைக் குறித்தல், மதகும் கலங்கலும் இன்றுள்ள நிலையைக் காணல், நீர் பாய்ச்சிய முதியோரிடம் கேட்டறிதல் ஆகிய மூன்றும் பட்டியல் தராத அறிவைத் தரும்.

முடிவுரை

பழம்பெருமையை அறிவது தவறன்று. அதனோடு நின்றுவிடுவதே குறை. இன்று அவ்வகுப்பில் அமர்ந்திருப்போரே நாளை புறநகரின் வடிகாலையும் சாலையையும் வரையவிருப்பவர். தண்ணீர் யார் வீட்டுப் பக்கம் திரும்புகிறது என்று கேட்கப் பழகாத பொறியாளர், அவ்வினாவுக்கு அறியாமலே விடை எழுதிவிடுவார். ‘தமிழரும் தொழில்நுட்பமும்’ என்னும் தலைப்பில் ‘தமிழர்’ எனப்படுவோர் யார் யார் என்பதையும் பாடமாக்கும்போதே இத்தாள் தன் பெயருக்கு முழுமையாகப் பொருந்தும்.