நூலை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்?

பலகை, ஆணி, நூல் ஆகிய மூன்றையும் கொண்டு வீட்டுச் சுவருக்கு அலங்காரம் செய்யும் 'ஸ்ட்ரிங் ஆர்ட்' புதிதாகத் தொடங்குவோரிடம் மூன்று முறைகளில் வந்து சேர்கிறது. முதலாவது நிரப்புமுறை: இதயம், இலை, பெயரெழுத்து என ஏதோ ஓர் உருவத்தின் விளிம்பில் ஆணியடித்து, உள்ளே நூலை மனம்போனபடி இழுப்பது. அடுத்தது, ஆணிகளுக்கு எண்ணிட்டு ஒரு கணித ஒழுங்கின்படி நேர்கோடுகளால் வளைவை எழுப்புவது. மூன்றாவது, கணினி நிரல் தரும் வரிசைப்படி வட்டச் சட்டத்தில் நூலைச் சுற்றி ஒரு முகத்தை வரவழைப்பது. இவற்றை எடைபோட இரண்டு கேள்விகள் போதும். நூலை எடுத்துவிட்டால் வடிவம் மிஞ்சுகிறதா? பிழை நேர்ந்தால் அது கண்ணுக்குத் தெரிகிறதா?

நிரப்புமுறைக்கு உரிய நியாயத்தைத் தந்துவிட வேண்டும். ஒரே மாலையில் முடிந்துவிடும். கை தவறினாலும் குலையாது. அடர்ந்த பலகையில் வெளிர்நூல் தரும் நிற முரண் தூரத்திலிருந்தே எடுபடும். ஆனால் நூலை அவிழ்த்துப் பாருங்கள்: இதயம் அங்கேயே நிற்கிறது, ஆணிகளாக. வடிவத்தை ஆணிகளே சொல்லி முடித்துவிட்டதால் நூலுக்குப் பூச்சு வேலைதான் மிச்சம். எந்தக் கோடும் அங்கே தவிர்க்க முடியாத கோடல்ல. எனவே எந்தக் கோடும் பிழையல்ல. இந்த முறையின் எளிமையும் வறுமையும் இதிலிருந்தே வருகின்றன.

வளைவுமுறையின் வேர் வகுப்பறையில் இருக்கிறது. எவரெஸ்ட் சிகரத்துக்குச் சூட்டப்பட்ட பெயருக்கு உரிய நில அளவையாளரின் உடன்பிறந்தார் மகளான மேரி எவரெஸ்ட் பூல் (1832–1916), துளையிட்ட அட்டைகளில் குழந்தைகளை நூல் கோக்கச் செய்து வடிவியலைக் கைவழியே உணர்த்த முயன்றார். பலகையில் அதையே செய்ய, செங்கோணத்தின் இரண்டு பக்கங்கள்; அவற்றைக் கைகள் என்போம். ஒவ்வொன்றிலும் 20 ஆணிகள், மூலையிலிருந்து எண்ணியபடி. முதல் கையின் 1-ஐ மற்றதன் 20-உடனும், 2-ஐ 19-உடனும் இணைத்துக்கொண்டே போனால், ஒவ்வொரு இணையின் கூட்டுத்தொகையும் 21. இழுத்தவை அனைத்தும் நேர்கோடுகள். தெரிவதோ ஒரு வளைவு. பலரும் அதை வட்டத்தின் பகுதி என்று எண்ணுகிறார்கள், அது பரவளையம். புள்ளிக் கோலத்தில் புள்ளியைச் சுற்றி வளைப்பது கை. இங்கே கை வளைப்பதே இல்லை, கோடுகளின் நெருக்கத்திலிருந்து கண்தான் வளைவைக் கூட்டிக்கொள்கிறது. நூலை எடுத்துவிட்டால் மிஞ்சுவது இரண்டு ஆணி வரிசைகள் மட்டும். 7-இல் மாட்ட வேண்டியதை 8-இல் மாட்டினால் அடுத்த இரண்டு சுற்றுக்குள் வளைவே காட்டிக்கொடுத்துவிடும். தொடங்குபவருக்கு இதைவிட நேர்மையான ஆசிரியர் கிடையாது.

செய்நேர்த்தியும் இங்கே தெளிவாகப் புலப்படும். ஒரு கோடு முடிந்ததும் நூல் பக்கத்து ஆணிக்கு நகர்ந்து திரும்புவதால், தேவையற்ற கோடு எதுவும் குறுக்கே ஓடாது. ஒரே நூலில் முழுவதும் முடியும். வட்டத்தில் 60 ஆணியடித்து ஒவ்வோர் எண்ணையும் அதன் இருமடங்குடன் இணைத்து (35-க்கு 70, அதாவது ஒரு சுற்றுக் கழித்து 10) இதயவளையை எழுப்பும்போது இந்தத் தூய்மை எளிதில் கிடைப்பதில்லை. எண் வரிசையிலேயே இழுத்துப்போனால் திரும்பிவரும் கோடுகளும் வடிவத்துக்குள் கலந்து அதைச் சற்றே மங்கலாக்குகின்றன. ஆகவே அது இரண்டாவது படைப்புக்கு உரியது.

இந்த முறையின் குறையையும் மறைக்கக் கூடாது. ஒழுங்கு விரைவில் தீர்ந்துபோகும். 1930-களின் இறுதியில் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தின் கணித மாதிரிகளைக் கண்டு நூல் கோத்த சிற்பங்களைச் செய்த ஹென்றி மூர், சில ஆண்டுகளில் அதை விட்டு விலகினார். சாமர்த்தியம் கலையின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் அபாயம் இம்முறையின் உள்ளேயே இருக்கிறது. நிறங்களைக் கூட்டி அந்தக் குறையை ஈடுகட்ட முனைபவர்கள் கோட்டின் தெளிவையும் இழக்கிறார்கள்.

முகம் காட்டும் முறையை 2016-இல் பரவலாக அறியச் செய்தவர் கிரேக்கக் கலைஞர் பெட்ரோஸ் வ்ரெல்லிஸ். 200 முனைகள், ஆயிரக்கணக்கான நேர்கோடுகள், ஒரே கறுப்பு நூல். ஓவியர் எல் கிரெக்கோ தீட்டிய முகங்கள் அதில் எழுந்தன. முதல் கேள்வியில் இது முழு வெற்றி: நூலில்லாமல் அங்கே வெறும் வளையம். வழியைக் கண்டடைந்த வ்ரெல்லிஸின் சாதனையில் ஐயமில்லை. ஆனால் எண் பட்டியலை வாங்கிப் பின்பற்றுபவர் எந்த முடிவையும் தானாக எடுப்பதில்லை; ஆயிரங்களில் ஒரு கோடு தவறினால் அவருக்கே தெரியப்போவதில்லை. பொறுமையைப் பாராட்டலாம், பயிற்சி என்று சொல்ல இயலாது.

மூன்றுக்கும் பொதுவான தரம் பொருள்களில் இருக்கிறது. ஆணிகள் ஒரே உயரத்தில் நிற்காவிட்டால் எந்தக் கணிதமும் காப்பாற்றாது. ஒரு மரத்துண்டை அளவாக வைத்து அடிக்க வேண்டும், ஆணியைக் குறடால் பிடித்து. மெல்லிய அட்டைப் பலகையில் ஆணி சாயும், 12 மி.மீ. ப்ளைவுட் தாங்கும். கம்பளி நூல் இழையுதிர்ந்து கோட்டைக் கலங்கடிக்கும். முறுக்கேறிய குரோஷா நூல் கூர்மையாக நிற்கும்.

முதல் படைப்புக்கு என் தேர்வு வளைவுமுறை: செங்கோணம், கைக்கு 20 ஆணி, ஒரு சென்டிமீட்டர் இடைவெளி, ஒரே நிறம். அது சரியாக வந்த பிறகு நான்கு மூலைகளிலும் அதையே செய்யுங்கள். அந்தப் பலகை சுவரில் மாட்டத் தகுதியானது.