காதில் ஒரு வெட்டு

மும்பை மாட்டுங்காவில் தெருநாயாக வந்து வீட்டு நாயாக இறந்தவற்றின் படங்களில் நான் முதலில் பார்ப்பது காதைத்தான். நுனியில் சின்ன வெட்டு. கருத்தடை ஆன நாயை மறுபடி பிடித்துவிடக் கூடாதே என்று, மயக்கத்தில் இருக்கும்போதே போட்டுவிடும் அடையாளம். காசு கொடுத்து வாங்கிய ஜாதி நாய்க்கு இந்த அழகு வாய்க்காது! இறந்த நாயை நினைவில் வைப்பது புதிதும் அல்ல: திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில், கள்வரைக் கடித்த கோவிவன் என்ற நாய்க்கு 7ஆம் நூற்றாண்டு நடுகல்லிலேயே உருவமும் பெயரும் உண்டு. தாராவி அறைகளில் கல்லுக்கு ஏது இடம்? உடலை எரிக்க, மலாடில் 2023இல் மாநகராட்சி விலங்குகளுக்கெனத் திறந்த எரிவாயுத் தகனமேடை இருக்கிறது. படம் சாமி அலமாரிக்குப் பக்கத்தில் ஏறிவிடும். சில வீடுகளில் சந்தனப் பொட்டும் உண்டு. நாய்க்குப் பொட்டா என்று சிரிக்கும் விருந்தாளிக்குக் காபி தாமதமாகத்தான் வரும்.