மற்போரும் ஆடலும்: தொழில்முறை மற்போரை நிகழ்த்துகலையாகக் கொள்வது குறித்து

1. முன்னுரை

மைசூரு தசராவின் நிறைவு நாளாகிய விசயதசமியன்று காலை, யானை ஊர்வலம் புறப்படுவதற்கு முன்னர், அரண்மனையின் உள்முற்றத்தில் ஒரு மற்போர் நிகழ்கிறது. கன்னடத்தில் இதனை வஜ்ரமுஷ்டி காளக என்பர். 'காளக' என்னும் சொல் போரைக் குறிக்கும். வழிவழியாக மற்றொழிலுக்குரியவராகிய ஜெட்டி மரபினர் தலையை மழித்துக்கொண்டு, வலக்கையில் கூர்முனைகளுடைய முட்டிப்படையை அணிந்து இணையிணையாக மோதுவர். எதிரியின் தலையில் முதற்குருதி துளிர்த்த அளவில் போர் நிறுத்தப்படும். இது பெரும்பாலும் சில நிமிடங்களுக்குள் முடிந்துவிடும்.

அதே தசராவையொட்டித் தொட்டகெரே மைதானத்திலுள்ள தேவராஜ அர்சு விளையாட்டரங்கில் நாட்டுக் குஸ்திப் போட்டிகள் நடைபெறுகின்றன. அவற்றில் வென்றோர் தசரா கேசரி, தசரா கண்டீரவ முதலிய பட்டங்களைப் பெறுகின்றனர். மூன்றாவதாக, 1990களில் தொலைக்காட்சி வழியாக இந்திய வீடுகளுக்குள் பரவிய அமெரிக்கத் தொழில்முறை மற்போர் உள்ளது. அதில் வெற்றி தோல்வி முன்னரே தீர்மானிக்கப்படுகிறது.

இம்மூன்றும் மற்போர் என்னும் ஒரே பெயரால் வழங்குகின்றன. எனினும் முதலாவது சடங்கு என்றும், இரண்டாவது விளையாட்டு என்றும் ஐயமின்றிக் கொள்ளப்படுகின்றன. மூன்றாவதற்கே இடம் வரையறுக்கப்படவில்லை. அது விளையாட்டன்று என்பது தெளிவு. அதனை நிகழ்த்துகலை எனக் கொள்ளலாமா என்பதையும், அவ்வாறு கொள்வதனால் விளைவது யாது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. சொல்வழக்குத் தரும் சான்று

விளையாட்டையும் நடிப்பையும் இரு வேறு துறைகளாகப் பிரிக்கும் பார்வை தமிழ்ச் சொல்வழக்கில் அவ்வளவு உறுதியாக இல்லை. 'ஆடு' என்னும் அடி விளையாடுதலையும் கூத்தாடுதலையும் ஒருங்கே குறிக்கிறது. கரகாட்டமும் ஆட்டம், பந்தாட்டமும் ஆட்டம். பழந்தமிழில் 'ஆடு' என்பது வெற்றி என்னும் பொருளிலும் வழங்கியது. போர்வைக்கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருத நிகழ்ச்சியைப் பற்றி நக்கண்ணையார் பாடிய புறநானூற்றுப் பாடலில் (85) அச்சொல் இப்பொருளில் அமைந்துள்ளது. அப்பாடலில் மற்போரின் நுணுக்கத்தைவிடக் காண்போரின் நிலையே முதன்மை பெறுகிறது. வெற்றி அவனுடையது என ஒருசாராரும், அன்று என மற்றொரு சாராரும் பேசுகின்றனர். ஒருத்தி நின்று நோக்குகிறாள். இதே மற்போரைச் சாத்தந்தையார் பாடிய பாடலும் (80) வென்றவனின் தந்தை தித்தன் அதனைக் காணவேண்டும் என்னும் விழைவையே மையமாகக் கொண்டது. போர் உண்மையானது. ஆயினும் காண்பார் இன்றி அது நிறைவு பெறவில்லை.

'பொருநர்' என்னும் சொல்லும் கருதத்தக்கது. 'பொரு' என்னும் அடி போரிடுதலையும் ஒத்தலையும் சுட்டும். எனவே பொருநன் என்பது போர்வீரனுக்கும் பெயர். கூத்தரோடும் பாணரோடும் சேர்த்துத் தொல்காப்பியம் எண்ணும் கலைஞனுக்கும் பெயர்.

இவற்றினும் நேரிய சான்று சிலப்பதிகாரத்தில் உண்டு. கடலாடு காதையில் மாதவி ஆடிய பதினோராடல்களுள் மல் என்பதும் ஒன்று. அவுணனை மாயவன் மல்லனாகி வென்றதைக் காட்டும் இவ்வாடலை உரைமரபு நின்றாடும் ஆறனுள் வைத்து எண்ணும். இங்கே மற்போர் முழுவதும் ஆடலாகிவிட்டது. ஆடுபவள் பெண், முடிவு எல்லாரும் அறிந்தது, அரங்கில் எதிராளி ஒருவன் வேண்டும் என்றும் நூல் கூறவில்லை.

சொற்சான்று கொண்டு மட்டும் ஒரு பொருளின் இயல்பை நிறுவுதல் பொருந்தாது. ஒரு சொல் இரு பொருள் உடையது என்பதனால் அவ்விரு பொருளும் ஒன்றாகிவிடா. எனினும், மற்போர் ஆடலாகலாம் என்னும் கருத்து மேனாட்டிலிருந்து புதிதாக வந்ததன்று என்பதற்கு இச்சான்றுகள் போதும்.

3. பொய்ம்மை என்னும் அளவுகோல்

தொழில்முறை மற்போருக்கு எதிராகக் கூறப்படும் முதற்குற்றம் அது பொய் என்பதாகும். முடிவு முன்னரே அறியப்பட்டது. அடி விழுவதுபோல் காட்டப்படுகிறது. ஆகவே காண்போர் ஏமாற்றப்படுகின்றனர் என்பர்.

பிரெஞ்சுத் திறனாய்வாளர் ரோலான் பார்த் 1957இல் வெளியிட்ட 'தொன்மங்கள்' என்னும் நூலின் தொடக்கக் கட்டுரையில் இதற்கு விடை கூறினார். குத்துச்சண்டையைக் காண்பவர் முடிவை எதிர்நோக்குகிறார். மற்போரைக் காண்பவரோ ஒவ்வொரு கணத்திலும் துன்பம், தோல்வி, நீதி ஆகியவற்றின் முழு வடிவத்தைக் காண விழைகிறார். ஆகவே அது விளையாட்டின் பொய்வடிவமன்று, காட்சியின் மெய்வடிவமே என்பது அவர் கருத்தின் சாரம்.

இவ்விடை தெருக்கூத்தை அறிந்த தமிழ் வாசகர்க்குப் புதிதன்று. பதினெட்டாம் போரில் துரியோதனன் படுகளத்தில் விழுவான் என்பதை அறியாமல் எவரும் கூத்துப் பார்க்க வருவதில்லை. வீமனாக வேடம் பூண்டவர் வென்றது பொய் என எவரும் முறையிடுவதும் இல்லை. முடிவை அறிந்திருத்தல் கூத்தின் குறைபாடாகாது. காண்போர் கவனம் 'யார் வெல்வார்' என்பதிலிருந்து 'எவ்வாறு வெல்வார்' என்பதற்கு மாறுவதற்கு அதுவே வழி செய்கிறது. மற்களத்தில் புகழ்பெற்ற தாரா சிங் 1987-88இல் ஒளிபரப்பான இராமாயணத் தொடரில் அனுமனாகத் தோன்றியபோது, அவருடைய உடல் கலைக்கருவியாகவே ஏற்கப்பட்டது. மற்களத்தில் பயின்ற அவ்வுடல் நடிப்பரங்கிற்கு வருவதில் காண்போர் முரண்பாடு ஏதும் காணவில்லை.

சிலம்பத்திலும் போர்ச்சிலம்பம், அலங்காரச் சிலம்பம் என இருவகை உண்டு. பின்னதைப் போலி என எவரும் இகழ்வதில்லை; அதன் நோக்கமே வேறு எனக் கொள்கின்றனர். எனவே பொய்ம்மை என்னும் அளவுகோல் தொழில்முறை மற்போரைக் கலையிலிருந்து விலக்கப் பயன்படாது.

4. குருதி என்னும் அளவுகோல்

இரண்டாவது மறுப்பு இதற்கு எதிர்த்திசையிலிருந்து எழுகிறது. கூத்தில் படுகளக் காட்சியில் வீழ்ந்தவர் எழுந்து வேடம் கலைப்பார். மற்போர்வீரரின் முதுகெலும்போ மெய்யாகவே தேய்கிறது. உடல் மெய்யாகப் புண்படுமிடத்தில் கலை என்னும் பெயர் பொருந்துமா?

மேனாட்டில் 1960கள் முதல் வளர்ந்த, கலைஞர் தம் உடலையே ஊடகமாகக் கொள்ளும் நிகழ்வுக்கலை இவ்வினாவை வேறுவகையில் தீர்த்தது. 1971இல் கிறிஸ் பர்டன் கலிபோர்னியாவில் தம் கையில் துப்பாக்கியால் சுடச்செய்தார். 1974இல் மரீனா அப்ரமோவிச் நேப்பிள்ஸ் நகரில் மேசையொன்றின்மேல் 72 பொருள்களை வைத்து, அவற்றைத் தம் உடல்மீது பார்வையாளர் விரும்பியவாறு பயன்படுத்த ஆறு மணிநேரம் இடமளித்தார். இவற்றில் புண் மெய்யானது. ஆயினும் இவை கலையாகவே எண்ணப்படுகின்றன. நாட்டியமும் கூத்தும் அடங்கிய நிகழ்த்துகலையிலிருந்து இவ்வகை வேறுபட்டது. இதில் வேடம் இல்லை.

தொழில்முறை மற்போர் இவ்விரண்டின் எல்லையில் நிற்கிறது. கதை கூத்தினுடையது, உடல் நிகழ்வுக்கலையினுடையது. போலிப் போரில் மெய்க்குருதி காட்டுவதற்காக, மறைத்து வைத்த சவரத் தகட்டால் வீரர் தம் நெற்றியைத் தாமே கீறிக்கொள்ளும் வழக்கம் அங்குப் பல்லாண்டு இருந்தது. போர் பொய், குருதி மெய் என்னும் இந்நிலை வேறு எக்கூத்திலும் அரிதாகவே காணப்படும்.

இவ்விடத்தில் வஜ்ரமுஷ்டியோடு ஒப்பிடுதல் பயன் தரும். மைசூருவில் குருதி போரை முடிக்கிறது. தொழில்முறை மற்போரில் குருதி போரை வளர்க்கிறது. முன்னதில் அது எல்லைக்கல். பின்னதில் அது ஒப்பனை. விசயநகர மகாநவமியைக் கண்ட போர்ச்சுகீசியர் டொமிங்கோ பயஸ் (ஏறத்தாழ 1520-22) அங்கு நிகழ்ந்த மற்போரில் பற்கள் உடைந்ததையும் கண்கள் கெட்டதையும் பதிவு செய்துள்ளார். நடுவர்கள் இருந்ததையும் உடன் குறிக்கிறார். விசயநகர மரபைப் பின்பற்றி 1610இல் ராஜ உடையார் சீரங்கப்பட்டணத்தில் தொடங்கிய தசராவின் வழிவந்ததே இன்றைய மைசூரு விழா. பழைய கொடுமை முதற்குருதியோடு நிற்கும் சடங்காக இன்று சுருங்கியுள்ளது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலுக்குப் பேராசிரியர் வகுத்த உரை இங்கு வழிகாட்டும். சுவைக்கப்படும் பொருள், அதனை நுகரும் பொறியுணர்வு, உள்ளத்து எழும் குறிப்பு, அக்குறிப்பால் உடலில் தோன்றும் வேறுபாடு என நான்கனை அவர் பிரித்தார். கண்ணீரும் மெய்ம்மயிர் சிலிர்த்தலும் உள்ளத்திலிருந்து உடலுக்கு வருவன. அடிபட்டு வரும் குருதி அத்தகையதன்று. அது புறத்திலிருந்து வருவது. ஆகவே குருதி தன்னளவில் மெய்ப்பாடு ஆகாது. அதனைக் கண்ட உள்ளத்தில் அச்சமோ இளிவரலோ பெருமிதமோ தோன்றுமாறு அமைக்கும் ஒழுங்கே அதனைக் கலைக்கு உரியதாக்கும். குருதி மெய்யா பொய்யா என்பது கலையா அன்றா என்பதைத் தீர்மானிக்காது.

5. எதிராளி என்னும் அளவுகோல்

முன் கூறிய இரு அளவுகோல்களும் பயன்படாமையின், மற்போரில் இருவருக்கிடையே நிலவும் உறவை அளவுகோலாகக் கொள்ளலாம். அதன்படி மற்போர் வகைகள் ஒரு வரிசையில் அமைகின்றன. மல்லாடலில் எதிராளி கருத்தளவில் மட்டுமே உள்ளான். தொழில்முறை மற்போரில் எதிராளி உண்டு; ஆனால் அவர் பகைவரல்லர், உடன்கலைஞர். வஜ்ரமுஷ்டியில் எதிராளி மெய்யாகவே எதிர்க்கிறார். எனினும் சடங்கு அவ்வெதிர்ப்புக்கு வரம்பு கட்டுகிறது. நாட்டுக் குஸ்தியில் வெற்றியே குறிக்கோள்.

தொழில்முறை மற்போரின் நுட்பம் இவ்வரிசையில் விளங்கும். தலைக்குமேல் உயர்த்தி எறியப்படுபவரின் கழுத்து எறிபவரின் கையில் உள்ளது. எறிபவர் சினத்தைக் காட்டவேண்டும். அதே கணத்தில் எறியப்படுபவரைக் காக்கவும் வேண்டும். வீழ்பவரும் தம் எடையை முதுகு முழுதும் பரப்பி வீழப் பயின்றிருத்தல் வேண்டும். பகையைக் காட்டிக்கொண்டே பரிவைச் செயற்படுத்தும் இத்திறன் பல்லாண்டுப் பயிற்சியால் வருவது. பயிற்சி, இருவர் இசைவு, காண்போர் உள்ளத்தை நோக்கிய ஒழுங்கு ஆகிய மூன்றும் உள்ள ஒன்றற்குக் கலை என்னும் பெயரை மறுத்தல் இயலாது.

கன்னட நாட்டு மரபும் இதற்கு முரணன்று. 12ஆம் நூற்றாண்டில் கல்யாணச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசம், இசையையும் நடனத்தையும் விநோதங்களாக எண்ணியதுபோல் மல்ல விநோதத்தையும் எண்ணியது. இன்றைய தசரா ஏற்பாட்டில் கலை நிகழ்ச்சிகளுக்கும் குஸ்திக்கும் தனித்தனித் துணைக்குழுக்கள் உள்ளன. இப்பிரிப்பு நிர்வாக வசதி பற்றியது. பொருளின் இயல்பு பற்றியதன்று.

6. பெயரும் பொறுப்பும்

கலை என்னும் பெயர் பெருமை மட்டும் தருவதன்று. 1989இல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநில மேலவையில் ஒரு சட்ட முன்வரைவு ஆராயப்பட்டபோது, உலக மற்போர்க் கூட்டமைப்பின் சார்பாளர்கள் தங்கள் நிகழ்ச்சி விளையாட்டுப் போட்டியன்று, பொழுதுபோக்கே என வெளிப்படையாக ஒப்புக்கொண்டனர். பல்லாண்டு மறைத்த உண்மையை அவர்கள் வெளியிட்டது கலைநேர்மையால் அன்று. விளையாட்டு ஆணையத்தின் உரிம விதிகள், மருத்துவ ஆய்வு, வரி ஆகியவற்றிலிருந்து விலக்குப் பெறுவதே நோக்கமாயிருந்தது. பெயர் மாறியது, உடல் அதே உடலாக இருந்தது, அதனைக் காத்த விதிகள் தளர்ந்தன.

இதன் ஆபத்தை 1999 மே 23 அன்று கன்சாசு நகரில் நிகழ்ந்த சாவு காட்டிற்று. அரங்கக் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கும் காட்சியில் ஓவன் ஹார்ட் என்னும் வீரர் வீழ்ந்து இறந்தார். இது நிகழ்ச்சியின் பகுதியன்று என்று தொலைக்காட்சி வருணனையாளர் நேயர்களிடம் வலியுறுத்திக் கூற நேர்ந்தது. நிகழ்ச்சியோ தொடர்ந்து நடத்தப்பட்டது. மெய்யும் காட்சியும் பிரித்தறிய இயலாதபடி கலந்த கலையில், நிறுத்துவதற்குரிய அடையாளம் எது என்பது முன்னரே வரையறுக்கப்படாவிடின் விளைவு இதுவாகும்.

வஜ்ரமுஷ்டியில் அவ்வடையாளம் உண்டு. முதற்குருதி கண்டவுடன் மூத்தோர் இருவரையும் பிரிக்கின்றனர். அச்சடங்கில் குறையே இல்லை என்பது இதன் கருத்தன்று. ஒரு மரபினரின் தலைக்குருதியை விழாவின் மங்கலமாகக் கொள்வது பற்றி வினா எழுப்புதல் முறையே. ஆனால் எங்கே நிறுத்துவது என்பதை அச்சடங்கு தன்னுள்ளேயே கொண்டுள்ளது. வணிகக் காட்சியில் அவ்வெல்லையை வகுப்பவர் இலாபம் பெறுபவராகவே இருக்கின்றார்.

7. முடிவுரை

தொழில்முறை மற்போர் நிகழ்த்துகலையே. முடிவு முன்னறியப்பட்டமை அதனைப் போலியாக்காது. மெய்க்குருதி அதனைக் கலையினின்று விலக்காது. எதிர்ப்பைக் காட்டியும் எதிராளியைக் காத்தும் இருவர் காண்போர்க்கு மெய்ப்பாடு தோன்றச் செய்வதே அதனைக் கலையாக்குகிறது. மல்லை ஆடல்களுள் ஒன்றாக எண்ணிய தமிழ் மரபுக்கு இம்முடிவு அயலானதன்று.

ஆயினும் இப்பெயர் வீரரின் உடலைக் காக்கும் கடமையைக் கழற்றிவிடும் கருவியாகக் கூடாது. விளையாட்டு எனின் விதி காக்கும். சடங்கு எனின் மரபு காக்கும். கலை எனக் கொண்டால் காக்கும் பொறுப்பு நிகழ்த்துவோர்க்கும் நடத்துவோர்க்கும் மட்டுமன்றிக் காண்போர்க்கும் உரியதாகிறது. வீழ்ந்தவர் எழுந்தாரா என்பதை அறியாது அரங்கை விட்டு அகலும் பார்வையாளர் அக்கலையை முழுதும் கண்டவராகார்.