காத்தெப் யாசினின் 'மௌனம்'

அரபுலகை ஒரே மொழி வழங்கும் நிலப்பரப்பாகக் கருதுவோர் பலர். அல்ஜீரிய இலக்கியத்தை ஊன்றி நோக்குவோருக்கு இக்கருத்து உடன்பாடாகாது. அங்கு பாடசாலையும் அரசும் கையாளும் எழுத்தரபு ஒன்று. சந்தையில் வழங்கும் 'தாரிஜா' என்னும் பேச்சரபு மற்றொன்று. கபிலிய மலைகளில் வாழ்வது அமாசிக் மொழி. குடியேற்ற ஆட்சி விட்டுச்சென்ற பிரெஞ்சு இவற்றின் வேறானது.

1956இல் 'நெஜ்மா' என்னும் பிரெஞ்சு நாவலை வெளியிட்டுப் புகழெய்திய காத்தெப் யாசின், 1970களில் தாரிஜாவில் நாடகம் படைக்கலானார். 1971இல் மேடையேறிய 'முகம்மதே, உன் பெட்டியை எடு' பிரான்சுக்குப் பிழைக்கச் சென்ற தொழிலாளரின் வாழ்வைப் பொருளாகக் கொண்டது. பிரெஞ்சு நூல்களை மட்டும் கணக்கிடுவோர் இக்காலப் பகுதியை அவரது மௌனம் என்பர். இது பொருந்தாது. நாவலை வாசிக்க இயலாத மக்களை நாடகம் சென்றடைந்தது. மௌனம் அச்சேட்டில் இருந்ததேயன்றி அரங்கில் இருந்ததில்லை.

ஆயினும், அரங்கேறிய மொழி அரசியலமைப்பில் ஏறவில்லை. பண்டைக் கபிலியக் கவிதை பற்றி மூலூத் மம்மெரி திசி ஊசுப் பல்கலைக்கழகத்தில் ஆற்றவிருந்த உரை 1980 மார்ச்சில் தடைசெய்யப்பட்டபோது மாணவர் கிளர்ந்தெழுந்தனர். அமாசிக் 2002இல் தேசிய மொழியாகவும் 2016இல் அரசகரும மொழியாகவும் ஏற்கப்பட்டது. தாரிஜாவோ அத்தகைய தகுதியை இன்றுவரை பெறவில்லை.

மக்கள் மொழியைப் போற்றிக்கொண்டே, அதில் எழுந்த படைப்புகளை இலக்கிய வரலாற்றுக்குப் புறத்தே நிறுத்தும் திறனாய்வு நேர்மையானதன்று. காத்தெப் மௌனமாயிருந்தார் என்போர் தாம் கேட்கத் தவறியதையே அவர்மீது குறையாகச் சுமத்துகின்றனர்.