பொன்னில் வளைந்த மாங்காய்

கிரேக்க நாட்டு வெர்ஜினாவில் 1977இல் மனோலிஸ் ஆண்ட்ரோனிகோஸ் அகழ்ந்த அரச கல்லறையில் ஒரு பொன்முடி கிடைத்தது. ஓக் மரத்தின் 313 இலைகள், 68 காய்கள். எல்லாம் மரத்தில் உள்ளபடியே. கண்டதைக் கண்டபடி செய்வது கிரேக்கர் இலக்கணம். நம் பொற்கொல்லர் கண்டதை வளைத்தார். மாங்காய் மாலையின் காய் மரத்துக் காய் போல இராது. ஆனாலும் மாங்காய் என்று குழந்தையும் சொல்லும். இதையே அரிய வித்தை என்பேன்.

ஆந்திர மண்ணில் இவ்வித்தை பழையது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் பொ.ஆ.மு. 1ஆம் நூற்றாண்டுக் காதணி ஜோடி இருக்கிறது. ஆந்திரப் பகுதியில் செய்ததாக அறிஞர் கருதுகின்றனர். இரட்டைத் தண்டுக் கொடி, இருபுறமும் மொட்டு, மொட்டில் யானையும் சிறகுள்ள சிங்கமும். தகட்டைத் தட்டிப் புடைத்து, பொடிப் பொன்மணிகளை ஒட்டியிருக்கிறார்கள். பொடிமணி வேலையில் கிரேக்கரும் தேர்ந்தவர்கள்.

ஆந்திரத்திலேயே இன்னொரு சான்று திருமலையில் உண்டு. பல்லவ குலத்துச் சாமவை 966இல் அளித்த வெள்ளித் திருமேனியின் அணிகளைத் தமிழ்க் கல்வெட்டு வரிசையாகச் சொல்கிறது; அவற்றில் காதுக்கு மகரமும் உண்டு.

தரம் பார்ப்பதில் தஞ்சைக்கு நிகரில்லை. இராசராசன் காலத்துப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் பொன்னை நிறுத்த கல்லுக்கே ‘ஆடவல்லான்’ என்று பெயர். முத்தை வட்டம், அனுவட்டம், கறடு, இரட்டை, சப்பத்தி, குளிர்ந்த நீர், சிவந்த நீர் எனப் பிரித்து எழுதினார்கள். தெய்வத்துக்குத் தந்த நகையிலும் கோணல் முத்தைக் கோணல் என்றே பதிந்த நேர்மை அது.

நாகர்கோவில் வடசேரிக்காரர்கள் வெள்ளியில் கட்டம் செய்து, கெம்புக் கல் பதித்து, பொன் தகடு வேய்வார்கள். புவிசார் குறியீடு பெற்ற வேலை. ராக்கொடி, பிறை, படமெடுத்த நாகம், தாழம்பூ, குஞ்சலம் என இறங்கும் ஜடைநாகத்தில் ஒரு தோட்டமே பின்னலில் தொங்கும். ஆந்திரத்துக் கார்வேட்டிநகர வேணுகோபாலன்மேல் தெலுங்குக் கவி சாரங்கபாணி பாடிய பதங்களை இன்று ஆடும் பெண்கள் சூடுவதும் இவ்வகை அணிகளையே.

அச்சில் வார்த்த நகையில் எல்லா மாங்காயும் ஒன்றுபோல் இருக்கும். கை வேலையின் உயிர்ப்பு அதில் இல்லை. ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பாட்டியின் அட்டிகையையோ ஜடைநாகத்தையோ உருக்கக் கொடுக்கும் முன் முன்பக்கமும் பின்பக்கமும் படம் எடுங்கள், எடை, கல், செய்த ஊர் ஆகியவற்றை எழுதி வையுங்கள். முடிந்தால் உருக்காதீர்கள்.