கதவில்லாத இல்லறம்

தொல்காப்பியர் கற்பியலின் இறுதிப் பகுதியில் முதுமையின் இல்லறத்தைக் காட்டுகிறார். காமம் நிறைவெய்திய கடைக்காலத்தில், காவலாக அமைந்த மக்களோடும் அறம் விரும்பும் சுற்றத்தோடும் கூடித் தலைவனும் தலைவியும் சிறந்தவற்றைப் பயிலுதலே கடந்த வாழ்வின் பயன் என்கிறார். உயர்ந்த கருத்துத்தான். ஆனால் அதற்குள் ஒரு வீடு இருக்கிறது. பெற்றோர்க்கு ஓரிடமும் மக்களுக்கு ஓரிடமும் உள்ள வீடு. அது வாய்க்காதவர்களின் இல்லறத்தை எந்த இலக்கணத்தால் அளப்பது?

தெளிவத்தை ஜோசப் (1934–2022) எழுதிய ‘மீன்கள்’ என்னும் சிறுகதை இக்கேள்வியை நம்முன் வைக்கிறது. பெற்றோரும் வளர்ந்த மகளும் ஒரே லயத்துக் காம்பிராவில் படுத்துறங்க வேண்டியவர்கள். இருளில் தந்தைக்கு நேரும் தடுமாற்றமும், பின் அவனை வாட்டும் வெட்கமுமே கதை. முகஞ்சுளித்த நண்பர்களை நாம் அறிவோம். சுளிக்க வேண்டியது கதையைக் கண்டன்று. ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடியில் ஒரு குடும்பத்தையே அடைத்த ஏற்பாட்டைக் கண்டு. பிள்ளை வளர வளரக் கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் அந்நியராகின்றனர். மகனுக்கு மணமானால் இஸ்தோப்பை மறைத்து ஒரு மூலை ஒதுக்குகிறார்கள். அங்கே இளையவர்க்கும் தனிமையில்லை, மூத்தவர்க்கும் இல்லை.

இந்த உண்மையை விட்டு நம் கதாசிரியர் பலர் வேறு வழியிற் செல்கின்றனர். மகன் கொழும்புக்குப் போகிறான். நாகரிகம் அவனைக் கெடுக்கிறது. தாய் லயத்து வாசலில் காத்திருந்து கண்மூடுகிறாள். படிப்பவர் கண்ணீர் விடுகிறார். நன்றி கெட்ட பிள்ளை குற்றவாளியாகிறான். பால்சாக் 1835இல் ‘கோரியோ கிழவன்’ நாவலில் தந்தையைக் கைவிட்ட பெண்மக்களைத்தான் படைத்தார். ஆயினும் அவர்களைத் தூற்றுவதோடு நின்றுவிடவில்லை. பாசத்தையும் விலைபேசும் பாரிஸ் சமூகத்தைத் தோலுரித்தார். நம் கதைகளிற் காணாதது இதுவே.

வத்தேகமவிலிருந்து மடுல்கலை நோக்கி ஏறும் வழியிலுள்ள தோட்டங்களின் பிள்ளைகள் நம் வகுப்புகளில் அமர்கின்றனர். பரீட்சை முடிந்ததும் பலர் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போகின்றனர். அதன்பின் வீட்டில் நிகழ்வது தனித்துயரம் மட்டுமன்று. இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் கணவனும் மனைவியும் முதன்முறையாகத் தனித்திருக்கிறார்கள். சிலர் மறந்த பேச்சை மீட்டெடுக்கிறார்கள். சிலரோ, பிள்ளைகளைத் தவிரத் தமக்குள் பேச ஏதுமில்லை எனக் கண்டு திகைக்கிறார்கள். மலையேறிக் கொழுந்து பறித்து, இறங்கி அடுப்பை மூட்டியவளுக்கும் அவள் கணவனுக்கும் ஒருவரையொருவர் அறிய எப்போது நேரமிருந்தது? இத்தகைய ஒரு மாலைப்பொழுதை எழுதிக் காட்டினால் அதுவே பெருங்கதையாகும்.

இன்னொன்றையும் மறந்துவிடலாகாது. தோட்டத்தில் பேர் பதிந்து உழைக்கும் குடும்பத்துக்கே காம்பிரா என்பது நெடுங்கால வழக்கம். பெற்றோர் ஓய்வுபெற்றபின் பிள்ளையின் உழைப்பே அவர்கள் கூரைக்குப் பிணையாகிறது. ஆகவே பிள்ளை விடுதலை தேடிப் புறப்படும்போது தாய்தந்தையர் அஞ்சுவது பிரிவுக்கு மட்டுமன்று. “போய் வா” என்று வாழ்த்தும் தாயே, “யார் பேரில் இருப்பது?” என்று கணவனிடம் சண்டையிடுகிறாள். அரசு தோட்டங்களை 1970களில் ஏற்றது. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. 2015க்குப் பின் 7 பேர்ச் காணியில் தனிவீடுகள் சில எழுந்தன. ஆனால் லயங்கள் இன்னும் நிற்கின்றன.

பிள்ளையின் சுதந்திரத்தையும் பெற்றோரின் பாதுகாப்பையும் எதிரெதிரே நிறுத்துவது மனித மனத்தின் கயமையன்று. வீட்டைக் கூலியோடு கட்டிவைத்த முறையே. இதைக் காணாத எழுத்து, எத்துணை கண்ணீர் வடித்தாலும், அம்முறைக்கே துணைபோகும். எழுதப் புகும் இளைஞர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே: ஓடிப்போன மகனைச் சபிக்குமுன், அவன் விட்டுச்சென்ற காம்பிராவை ஒருமுறை அளந்து பாருங்கள்.